பூனைக்கும் துடக்கு

ஜூன் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கடல் இரைச்சல் ஐந்தாம் மாடி வரைக்கும். துணி காயாது. பல்கனியில் கட்டிய கொடியை அவிழ்த்து உள்ளே கட்டினேன்.

பத்து மணிபோல அத்தான் வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில். என் மகள் தர்சினிக்குப் பெரியப்பா என்ற முறையில் கொள்ளி வைத்தவர் அவர். தகப்பன் இல்லாத பிள்ளை. ஆகவே துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, முடியும்வரை இந்த வீட்டில் எல்லாம் அவர் சொன்னபடி. இன்றைக்கு வாசலில் நின்றே ஏச்சு.

“என்ன மங்களம், செத்த வீட்டுக்க மீன்காரனைக் கூப்பிடுறாய்?”

“நான் எங்க அத்தான் கூப்பிட்டனான்?”

“மாலு, மாலு எண்டு கத்தினது படியெல்லாம் கேட்டது. லிப்டடியில நிண்ட சனம் சிரிக்குது.”

“ஐயோ, அது பூனை அத்தான். பூனையின்ர பேர் மாலு.”

சிங்களத்தில் மாலு என்றால் மீன். குட்டியாக இருந்தபோது, கீழே மீன்காரன் மோட்டார்சைக்கிளில் ‘மாலு, மாலு’ என்று கத்திக்கொண்டு வந்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று யன்னலுக்கு ஓடும். தர்சினி விழுந்து விழுந்து சிரித்து அதையே பெயராக வைத்துவிட்டாள். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

“முப்பத்தொண்டு முடியுமட்டும் வேற பேர் சொல்லிக் கூப்பிடு.”

அவர் போனபிறகு வேறு பெயர் யோசித்தேன். ‘பிள்ளை, வா’ என்று வாயில் வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை 26ஆம் திகதி, வெள்ளி. அதுவரைக்கும் வீட்டுக்குள் மச்சம் கூடாது. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும். வந்தால் பிள்ளையின் ஆத்மா வழியில் அந்தரிக்கும் என்கிறார். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது. ஆகவே பூனைக்கும் சோறு, பருப்பு, தயிர்.

ஜூன் 11, வியாழன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

பின்னேரம் சுகன்யா வந்தாள். தர்.-ஓடு ஒரே கந்தோரில் வேலை செய்தவள். வாழைப்பழம், பிஸ்கற், அழுகை. பிறகு இரண்டு பேரும் பூனையைப் பற்றியே கதைத்தோம். அது சுகமாக இருந்தது.

“அன்ரி, பூனைக்கு மரக்கறி குடுக்கிறது நல்ல விசயம். வெளிநாட்டில இப்ப நாய், பூனை எல்லாத்துக்கும் அப்பிடித்தான். மாடு வளக்க, மீன் பிடிக்க எண்டு பூமிக்கு எவ்வளவு பாரம் சொல்லுங்கோ. தர்சினி போன வருசம் மச்சத்தை விட்டதே அதுக்குத்தானே?”

ஓம். அதற்குத்தான். சாமிக்காக இல்லை. கடல் வெறுமையாகிக்கொண்டு வருது அம்மா என்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யன்னலால் பார், அவ்வளவு தண்ணீர் கிடக்கு, எப்படி வெறுமையாகும் என்பேன். “தண்ணி இருக்கும், உள்ளுக்க ஒண்டும் இராது” என்பாள்.

சுகன்யா போனைப் பார்த்து ஒரு சமையல் சொல்லித் தந்தாள். பூசணி, பருப்பு, கரட், சோயா. உப்பு வேண்டாம். வெங்காயம் வேண்டவே வேண்டாம்.

“தர்சினி இருந்தா சந்தோசப்படுவா, அன்ரி.”

அந்த ஒரு சொல் போதும். அத்தானுக்கும் சரி, பூமிக்கும் சரி, பிள்ளைக்கும் சரி. நல்ல வேலை ஒன்று செய்கிற மாதிரி இருந்தது. இரவே பூசணி வாங்கி வந்தேன்.

ஜூன் 13, சனி

காற்று. பல்கனிக் கதவு அடித்து அடித்து ஒரு கண்ணாடி வெடிப்பு.

மாலு சாப்பிட்டது:
காலை, பூசணியும் சோயாவும். மணந்து பார்த்தது. பிறகு காலால் தரையைப் பிராண்டியது, மண் போட்டு மூடுகிற மாதிரி.
மத்தியானம், பருப்புச் சோறு. இரண்டு நக்கு.
பின்னேரம், தயிர். அதிலும் பாதி மீதி.

நான் சாப்பிட்டதும் கிட்டத்தட்ட அதே.

மத்தியானம் காகத்துக்குச் சோறு வைத்தேன், அத்தான் சொன்னபடி. காகம் வந்து எடுத்தது. இந்தக் காகம் காலையில் மார்க்கட்டில் மீன் குடல் தின்றுவிட்டுத்தான் இங்கே வருகிறது. அதற்கு மட்டும் துடக்கு இல்லையாம். இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. காகத்துக்கே சொன்னேன்.

லிப்டுக்குள் இரண்டு பெண்கள். “அஞ்சாம் மாடி மங்களம் அக்காவின்ர மகளாம் டெங்கில செத்தது.” “ஒரே பிள்ளையோ?” “ஓமாம். இனித் தனியத்தான்.” பிறகு நான் பின்னுக்கு நிற்பதைக் கண்டுவிட்டார்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் நம்பர் மாறி மாறி எரிவதைப் பார்த்தேன்.

ஜூன் 15, திங்கள்

மாலு யன்னல் கட்டுக்குப் பாய்ந்து ஏறப் பார்த்தது. எட்டவில்லை. விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன் என்று தெரிந்து தன்னை நக்கிக்கொண்டது. தூக்கிப் பார்த்தேன், தோலுக்குக் கீழே எலும்பு. நேற்று முழுக்க ஒன்றும் தின்னவில்லை.

மார்க்கட் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, ஓட்டோவில் பாமன்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே மிருக டொக்டர் ஒருவர் இருக்கிறார். சிங்களப் பெண், சின்ன வயது. துண்டு எழுதப் பேனையை எடுத்துக்கொண்டு, “நம மொகத்த?” என்றார். பெயர் என்ன என்று.

“மாலு.”

“மாலு நெமெய் அம்மே, பூசாகெ நம!” மீன் இல்லை அம்மா, பூனையின் பெயர்.

“அதுதான் மிஸ், மாலு.”

பக்கத்தில் நாயோடு இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டொக்டரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு என்று தெரியாது. உடனே பயமாக இருந்தது, யாரும் தெரிந்தவர்கள் பார்த்தார்களோ என்று.

பிறகு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது. தெரிந்த தமிழில் ஏசினார்.

“அம்மா, பூனை ஆடு இல்ல. நாய் எண்டா கொஞ்சம் சமாளிக்கும். பூனைக்கு மச்சம் வேணும். அதில இருக்கிற சத்து பூனை உடம்பு தானா செய்யாது. கன நாள் இல்லாட்டி கண் போகும், ஹார்ட் போகும்.”

“பூமிக்கு நல்லமெண்டு சொல்லிச்சினம், மிஸ்.”

“பூமிக்கு நல்லம்தான். பூனை செத்திரும்.”

இப்போது அவருக்குப் பயம் கண்ணோ இதயமோ இல்லை. பூனை தொடர்ந்து சில நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரல் கெட்டுவிடுமாம். பிறகு கொடுத்தாலும் தின்னாதாம். ஊசி போட்டு, வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பக்கற் ஒன்றும் தந்தார். இன்றைக்கே, இல்லாவிட்டால் நாளைக்கு, தின்ன வேண்டும் என்றார்.

ஓட்டோவில் வரும்போது பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையின் உடுப்பில் இருந்த மணமும் போய்விட்டது. இது ஒன்றுதான் அவளுடையதில் மூச்சு விடுகிறது.

ஜூன் 16, செவ்வாய்

அத்தானுக்குக் காலையில் போன்.

“இன்னும் பத்து நாள்தானே மங்களம். பொறுக்கச் சொல்லு.”

“பூனைக்கு எப்பிடி அத்தான் சொல்லுறது?”

“அப்ப ஆரிட்டையும் குடுத்து வை. வீட்டுக்க மச்சம் கொண்டராதை. நான் பிள்ளைக்கு ஒழுங்காச் செய்யவேணும். பேந்து என்னைக் குற்றம் சொல்லாதை.”

போனை நானே வைத்தேன்.

வீட்டுக்குள்தானே கூடாது? பக்கற்றை வெட்டிக் கோப்பையில் போட்டு, வாசலுக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலுவைத் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். கதவுக்கு ஓடி வந்தது. திரும்பவும் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். திரும்பவும் கதவு. நானும் படியில் குந்தினேன், துணைக்கு. எதிர் வீட்டு ரீச்சர் கதவைத் திறந்து, “அக்கா, இதென்ன மீன் நாத்தம்? ஏன் வெளியில இருக்கிறியள்?” என்றா. பூனைக்குத் துடக்கு என்று எப்படிச் சொல்வது? “காத்துக்கு” என்றேன்.

தின்னவில்லை. விரலில் தொட்டு வாயில் தடவினேன். நக்கியது, அவ்வளவுதான்.

பக்கற்றை எறியப் போகையில் தர். சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த மினுங்கல் உறை உக்காது அம்மா, நாங்கள் எல்லாரும் போன பிறகும் இருக்கும் என்றாள். குப்பையில் போட மனம் வரவில்லை. கழுவிக் காயவைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாது.

ஜூன் 17, புதன்

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவு. சாமி கேட்டால் என்னைக் கேட்கட்டும், பிள்ளையை ஒன்றும் கேட்கக்கூடாது என்று அவளுடைய படத்துக்கு முன் நின்று சொல்லிவிட்டு மார்க்கட்டுக்குப் போனேன்.

கடலில் கொந்தளிப்பு. மீன் குறைவு. திறந்திருந்தது ஒரே ஒரு கடை, முஸ்லிம் அண்ணன் ஒருவருடையது, எல்லாருக்கும் நானா. பெரிய மீன் ஒன்றை வெட்டிக்கொண்டு இருந்தார்.

“நானா, பூனைக்கு என்ன மீன் நல்லம்?”

“எங்கட கடைக்கு வார ஒரு மிஸ் ஈக்கிறாங்கம்மா, பூனைக்கு மீன் கேக்கவே மாட்டாங்க. ‘நானா, வெட்டி வீசுறது எது, அதைத் தாங்க’ம்பாங்க. வெளங்குதா? மத்த ஆக்கள் எல்லாம் வெள்ளைச் சதையா வெட்டித் தரச் சொல்லுவாங்க. இந்தக் கறுத்த சதை ஒருத்தருக்கும் வேணாம். அவங்க அதைத்தான் எடுப்பாங்க. பூனைக்குண்டு புதுசா ஒரு மீன் சாகக்கூடாதாம்!” சிரித்தார். “மீன் விக்கிறவன்ட்ட வந்து சொல்ற கதையா அது?”

நான் அந்தக் கறுத்த சதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கண்ணாடி போட்ட மிஸ். சனிக்கெழமை சனிக்கெழமை வருவாங்க. இப்ப கொஞ்ச நாளாக் காணல்ல. ஊருக்குப் போய்ட்டாங்களோ என்னமோ.”

சனிக்கிழமைகளில் நான் இடியப்பம் அவிக்கிற வேலைக்குப் போய்விடுவேன். வந்தால் பிரிட்ஜில் மேல் தட்டில் நீல மூடி டப்பா இருக்கும். பூனையின் பாடு தர்சினியுடைய பாடு. உள்ளே என்ன என்று நான் திறந்து பார்த்ததில்லை. செத்த வீட்டன்று வந்த பெண்கள் பிரிட்ஜைத் துப்புரவாக்கி, மச்சம் என்று எல்லாவற்றையும் கொட்டியபோது, அதுவும் போயிருக்கும்.

தான் மீனை விட்டவள். பூனையை விடச் சொல்லவில்லை. மீனைத் தொட்ட கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி போட்டிருப்பாள்.

“அம்மாவுக்கும் அதையே தரட்டா?” என்றார் நானா.

“ஓம். அந்த மிஸ் எடுக்கிறதையே தாங்கோ.”

கோழிக்கடையையும் காட்டினார். மிஸ் அங்கே இதயமும் கொஞ்சம் ஈரலும் வாங்குவாவாம், மீன் மட்டும் கூடாதாம். வாங்கினேன்.

வீட்டுக்குள் கொண்டு போனேன். என் அடுப்பில்தான் அவித்தேன். உப்பில்லை. யன்னல் எல்லாம் திறந்து. மாலு குசினி வாசலில் வந்து நின்று கத்தியது, பழைய குரலில். ஆறும்வரைக்கும் பொறுக்கவில்லை.

தின்றது. தின்னும்போது தொண்டைக்குள் ஒரு உறுமல். நான் தரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் என் வாய் அல்லாத இன்னொரு வாய் மெல்லுகிற சத்தம்.

ஜூன் 19, வெள்ளி

வெயில். தலையணை காயப்போட்டேன். தர்.-இன் தலையணை போடவில்லை.

மாலு மூன்று வேளையும். யன்னல் கட்டு எட்டவில்லை, கதிரையில் ஏறி அங்கிருந்து.

சுகன்யாவின் போன். எல்லாம் சொன்னேன். “எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே அன்ரி அவ” என்றாள். எனக்கும்தான். பிறகு, “நான் வாசிச்சுப்போட்டுச் சொல்லியிருக்கவேணும், சொறி” என்றாள். நீ சொன்னதில் பாதி சரிதானே பிள்ளை என்றேன். அவளுடைய வீட்டு நாய்க்கு என்ன கொடுப்பாள் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அதற்கும் வெளிநாட்டுப் பக்கற்தானாம்.

ஜூன் 21, ஞாயிறு

அத்தான் சொல்லாமல் வந்தார். நான் அப்போதுதான் கோப்பையை வைத்தேன். ஒளிக்க நேரமில்லை. ஒளிக்கவும் நினைக்கவில்லை.

“என்ன மணம் இது?”

“மீன், அத்தான். நான்தான் வாங்கினனான். பூனை சாகக் கிடந்தது.”

“நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!”

“சொன்னனீங்கள்தான்.”

“அவள் மச்சத்தை விட்ட பிள்ளை. அவளின்ர வீட்டில, அவளின்ர படத்துக்கு முன்னால, துடக்குக்க…” படத்தைக் கையால் காட்டினார். “அவளே பொறுக்கமாட்டாள்.”

“அவள் தான் விட்டவள் அத்தான். பூனையை விடச் சொல்லேல்ல. கிழமைக்குக் கிழமை மார்க்கட்டில போய் நிண்டு, மற்றவை வேண்டாமெண்டு வெட்டிப் போடுறதை வாங்கியந்து குடுத்தவள். எனக்கே தெரியாது.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“மீன்காரர்.”

“மீன்காரர் சொல்லி நீ முப்பத்தொண்டு செய்யிறாய் என்ன? அப்ப அவரையே கூப்பிட்டுச் செய்விச்சுக்கொள்.”

தேத்தண்ணி போட்டது அப்படியே. கதவைச் சாத்தாமல் போனார். லிப்ட் வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வயது போன முதுகு. கூப்பிட வாய் வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? மீனை எறிந்துவிடுகிறேன் என்று சொன்னால் வருவார்.

சொல்லவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

தூறல். ஐயர் போன் எடுத்தார். எள்ளு, தர்ப்பை, வேட்டி, பாத்திரம், அது இது. கடைசியில், “கிரியை ஆர் செய்யினம்?” என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். அத்தான் இரண்டு நாளாக எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவரை விட்டால் செய்ய வேறு உரித்துக்காரர் கொழும்பில் இல்லை.

டப்பாவில் இருந்த மீன் முடிந்தது. மார்க்கட்டுக்குப் போனேன். இன்றைக்கு நானாவிடம் சொல்லிவிட்டேன். அந்த மிஸ் என்ர மகள், இனி வரமாட்டா என்று. கத்தியை வைத்துவிட்டார். ‘இன்னாலில்லாஹி’ என்று ஏதோ ஓதினார். கையைக் கழுவினார். ஏன் கழுவினார் என்று தெரியாது. கழுவிவிட்டு எனக்கு முன்னால் சும்மா நின்றார். பின்னுக்கு நின்ற ஆள், “நானா, எனக்கு முரல் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“சனிக்கெழமை எடுத்து வெக்கிறதாம்மா?”

“வையுங்கோ.”

இத்தனை பேர் வந்து போனார்கள். பிள்ளை போய்விட்டாள் என்று என் வாயால் ஒருவருக்குச் சொன்னது இதுதான் முதல். மற்ற எல்லாருக்கும் அத்தான்தான் போன் எடுத்துச் சொன்னவர்.

ஜூன் 25, வியாழன்

பகல் முழுக்க வேலை. வீடு கழுவினேன். மா இடித்து வைத்தாயிற்று. உழுந்து ஊறுகிறது. எதிர் வீட்டு ரீச்சர் வடை பொரிக்கப் பெரிய தாச்சி தந்தா. நாளைக்கு நாலைந்து பேர் வருவார்கள். நாளைக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வர ஒருவருக்கும் காரணம் இல்லை.

கிரியை செய்ய ஆள் இல்லாமல் இவ்வளவும் செய்துகொண்டிருந்தேன். ஐயருக்கு என்ன சொல்வது? நானே செய்யலாமோ என்று கேட்க நினைத்துப் போனை எடுக்கவும், அது தானாக அடித்தது. அத்தான்.

“சாமான் எல்லாம் வாங்கியாச்சோ?”

“ஓம்.”

“வாழையிலை?”

“விடியத்தான் வாங்கவேணும்.”

“வேண்டாம், நான் கொண்டாறன். இஞ்ச நல்ல இலை கிடக்கு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், அழுகிறது அவருக்குக் கேட்கக்கூடாது என்று.

“ஐயர் எட்டுக்கு வாறார். அந்தப் பூனையை அறையில போட்டுப் பூட்டு.”

“பூட்டமாட்டன் அத்தான். அது தன்ர பாட்டில நிக்கட்டும்.”

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பஸ் ஹோர்ன் ஒன்று கேட்டது, அவருடைய பக்கத்தில்.

“அது எத்தினை மணிக்குச் சாப்பிடும்?”

“ஏழுக்கு.”

“அப்ப ஐயர் வாறதுக்கு முதல் வடிவாக் குடு. அவளின்ர நாளில அது பசியோட நிண்டு கத்தக்கூடாது.”

வைத்துவிட்டார்.

உறைந்து கிடந்த மீன் டப்பாவைக் கீழ்த் தட்டுக்கு மாற்றி வைத்தேன், விடிய இளகியிருக்கும். மாலு வந்து காலில் உரசிக்கொண்டு பிரிட்ஜையே பார்த்தது. நாளைக்கு என்று சொன்னேன்.